இயற்பியல் கணக்கு பயமுறுத்துகிறதா? சூத்திரத்தைத் தேடும் முன் செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்த குரூப் எடுக்கலாம்?" என்பதுதான். பிள்ளைக்கு அறிவியலில் ஆசை இருக்கும். மதிப்பெண்ணும் ஓரளவு இருக்கும். ஆனாலும், "பிசிக்ஸ் கணக்கு எனக்கு வராது" என்ற ஒரே காரணத்தால் அந்தப் பிரிவை விட்டு விலகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வணிகவியல் பிடித்து அதை எடுப்பது நல்ல முடிவு. இயற்பியலுக்குப் பயந்து அதை எடுப்பது, பதினைந்து வயதில் ஒரு கதவைத் தானே சாத்திக்கொள்வது.

அறிவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளையும் இந்தப் பயம் விடுவதில்லை. நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். அதில் 45 கேள்விகளும் 180 மதிப்பெண்களும் இயற்பியலுக்கு உரியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. கால்குலேட்டர் கிடையாது. அந்த ஆண்டு இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்ததாகத் தேர்வு எழுதிய மாணவர்கள் பரவலாகச் சொன்னார்கள். உயிரியலை முழுதாகப் படித்தும் இயற்பியலில் சறுக்கி வாய்ப்பை இழந்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. பெரும்பாலும் உழைப்பும் குறைவில்லை. கணக்கைத் தொடங்கும் இடம்தான் தவறாக இருக்கிறது. கேள்வியைப் பார்த்ததும் அவர்கள் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். உண்மையில் சூத்திரம் நான்காவதாக வர வேண்டியது. அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. அவை என்ன, இயற்பியல் படிக்காத பெற்றோர் அதில் எப்படி உதவலாம் என்பதைக் காஞ்சிபுரத்தின் தெருக்களிலும் சாலைகளிலும் கிடைக்கும் கணக்குகளைக் கொண்டே பார்ப்போம்.

மனப்பாடம் எங்கே உதவும், எங்கே உதவாது?

மனப்பாடத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு பெரிய ஆற்றல். இயற்பியலிலும் அடிப்படை விதிகளும் சில மாறிலிகளும் நினைவில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் முப்பது சூத்திரங்களை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை, அந்த முப்பதில் இந்தக் கேள்விக்கு எது என்று தெரியாமல் நிற்கும்போது மனப்பாடம் கைகொடுக்காது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் எரிக் மஸூரின் அனுபவம் கல்வியாளர்களிடையே பிரபலமானது. அவருடைய மாணவர்கள் பாடநூல் கணக்குகளை நன்றாகப் போட்டார்கள். ஆனால் கணக்கே இல்லாத, விசையைப் பற்றிய எளிய கேள்விகளைக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். நீங்கள் கற்பித்தபடி பதில் எழுத வேண்டுமா, அல்லது நாங்கள் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டாராம். வகுப்பில் படித்தது ஒரு பக்கமும் மனதில் இருக்கும் நம்பிக்கை இன்னொரு பக்கமுமாக இருந்ததை அந்தக் கேள்வி காட்டிக் கொடுத்தது. உலகின் மிகச் சிறந்த கல்லூரிகளில் ஒன்றிலேயே இந்த நிலை என்றால், நம் பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை.

முதல் வேலை: கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்வது

கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, "என்ன நடக்கிறது? என்ன கேட்கிறார்கள்?" என்று பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இயற்பியல் பயன்படுத்தும் சொற்கள் பல, வீட்டிலும் கடையிலும் வேறு பொருளில் புழங்குகின்றன. பட்டுக் கடையில் ஒரு சேலையின் எடை 800 கிராம் என்கிறோம். இயற்பியலில் அது நிறை. எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. அதை நியூட்டனில் சொல்ல வேண்டும். 800 கிராம் நிறையுள்ள சேலையின் எடை சுமார் 7.8 நியூட்டன். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத பிள்ளை 9.8ஆல் பெருக்க மறந்துவிடும், அல்லது இரண்டு முறை பெருக்கிவிடும்.

"வேலை" என்ற சொல்லும் அப்படித்தான். ஜவுளி மூட்டையைத் தலையில் சுமந்தபடி அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவருக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் மூட்டை நகரவில்லை. ஆகவே மூட்டையின் மீது அவர் செய்த வேலை பூஜ்யம் என்று இயற்பியல் சொல்லும். வேகம் வேறு, திசையையும் சேர்த்துச் சொல்லும் திசைவேகம் வேறு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையும் இந்தச் சொற்களுக்குத் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சொற்களைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு 75 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. திரும்பும்போது நெரிசலால் மணிக்கு 40 கிலோமீட்டர். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

பெரும்பாலோர் உடனே 50 என்பார்கள். விடை 48. சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. போக ஒன்றேகால் மணி நேரம், அதாவது 1.25. திரும்ப 1.875 மணி நேரம். மொத்தம் 3.125 மணி நேரம். 150ஐ 3.125ஆல் வகுத்தால் 48. மெதுவாக வந்த வழியில் கார் அதிக நேரம் இருந்ததால் சராசரி 40இன் பக்கம் சாய்கிறது. இந்தக் கணக்கில் வரும் வகுத்தல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தவறு நடப்பது "சராசரி வேகம்" என்ற சொல்லைப் படிக்கும் இடத்தில்.

இரண்டாம் வேலை: படம் வரைவது

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் பார்டரில் வரும் மயிலோ அன்னமோ நேரடியாகத் தறியில் பிறப்பதில்லை. டிசைன் போடுபவர் முதலில் கட்டம் போட்ட தாளில் அதை வரைகிறார். எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலே வர வேண்டும் என்று குறிக்கிறார். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுகிறார்கள். அதன் பிறகுதான் தறி ஓடுகிறது. தாளில் செய்யும் பிழையை அழித்துத் திருத்தலாம். தறியில் ஏறிய பிழைக்குப் பட்டும் ஜரிகையும் செலவாகும்.

இயற்பியல் கணக்கிலும் படம்தான் அந்தக் கட்டத் தாள். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி, சில அம்புக்குறிகள், தெரிந்த எண்கள், தெரியாததற்கு ஒரு கேள்விக்குறி. அவ்வளவு போதும்.

ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரத்தைக் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1509இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கட்டப்பட்டது. உயரம் சுமார் 59 மீட்டர். ஏறாமலே அந்த உயரத்தை அளக்க முடியுமா? முடியும். அஸர் வக்தைப் பொருளின் நிழலை வைத்து அறியும் முறை மதரஸாவில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அதே நிழல்தான் இங்கேயும் உதவுகிறது. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். அதன் நிழல் 80 சென்டிமீட்டர். அதே நேரத்தில் கோபுரத்தின் நிழல் 47.2 மீட்டர் இருந்தால், 47.2ஐ 0.8ஆல் வகுக்க 59 மீட்டர் கிடைக்கிறது.

ஆனால் கோபுர நிழலை எங்கிருந்து அளப்பது? படம் வரையாத பிள்ளை, சுவரின் ஓரத்திலிருந்து அளக்கும். படம் வரைந்தவருக்கு உண்மை தெரிந்துவிடும். கோபுரம் அடியில் அகலமானது. அதன் உச்சி அடித்தளத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆகவே நடுவிலிருந்து அளக்க வேண்டும். சூத்திரம் இதைச் சொல்லித் தராது. படம் சொல்லித் தரும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றை இப்படித்தான் போட்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள நந்தனா கோட்டையில் இருந்தபோது, பூமியின் ஆரத்தை அளக்க விரும்பினார். அதற்கு முன் அப்பாஸிய கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்திருந்தார்கள். அல்பிரூனி நடக்கவில்லை. அருகிலிருந்த மலையின் உயரத்தைக் கணித்தார். அதன் உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கோணம் கீழே தெரிகிறது என்று அளந்தார். பூமியின் மையம், மலை உச்சி, தொடுவானம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாவதைக் கண்டார். மலை உயரமும் கோணமும் தெரிந்தால் ஆரம் வந்துவிடும். ஒரு நல்ல படம் நெடும் பயணத்தை மிச்சப்படுத்தியது.

மூன்றாம் வேலை: எந்த விதி என்று முடிவு செய்வது

1981இல் மிச்செலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இயற்பியல் கணக்குகள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கும் மாணவர்கள், சாய்தளக் கணக்குகளை ஒரு கட்டாகவும் சுருள்வில் கணக்குகளை இன்னொரு கட்டாகவும் வைத்தார்கள். இயற்பியலில் தேர்ந்தவர்கள், ஆற்றல் அழிவின்மையால் தீர்ப்பவை ஒரு கட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்ப்பவை இன்னொரு கட்டு என்று அடுக்கினார்கள். முன்னவர் கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பார்த்தார். பின்னவர் உள்ளே இருக்கும் விதியைப் பார்த்தார்.

நம் பிள்ளைகளும் இந்தப் பழக்கத்தைப் பெறலாம். கணக்கைப் போடுவதற்கு முன் ஒரு வரி எழுத வேண்டும்: "இது ஆற்றல் கணக்கு, ஏனென்றால்..." அல்லது "இது உந்தக் கணக்கு, ஏனென்றால்..." அந்த "ஏனென்றால்" மிக முக்கியம்.

நம் இளைஞர்களின் உயிரோடு தொடர்புள்ள ஒரு கணக்கைப் பார்ப்போம். காஞ்சிபுரம் அருகே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒருவர் பைக்கில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். இன்னொருவர் 80இல் போகிறார். திடீரென ஒரு மாடு குறுக்கே வருகிறது. இருவருக்கும் பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.7. ஒவ்வொருவரும் எவ்வளவு தூரத்தில் நிற்பார்?

இது ஒரு கணக்கு போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. முதல் ஒரு நொடியில் பிரேக் இல்லை, வேகம் மாறவில்லை. அது வெறும் தூரக் கணக்கு. மணிக்கு 40 என்பது நொடிக்கு சுமார் 11 மீட்டர். 80 என்பது சுமார் 22 மீட்டர். கண் பார்த்துக் கை அழுத்துவதற்குள் முதல் பைக் 11 மீட்டரும் இரண்டாவது 22 மீட்டரும் போய்விடுகின்றன.

பிறகு பிரேக். இது ஆற்றல் கணக்கு, ஏனென்றால் பைக்கின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்று தீர்க்க வேண்டும். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். உராய்வு செய்யும் வேலை என்பது உராய்வுக் குணகம், நிறை, ஈர்ப்பு முடுக்கம், தூரம் ஆகிய நான்கின் பெருக்கல். இரண்டையும் சமன் செய்தால் இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது. தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம் பெருக்கல் ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 40இல் போனவருக்கு 9 மீட்டர். 80இல் போனவருக்கு 36 மீட்டர்.

முன்னதையும் கூட்டினால் முதலாமவர் 20 மீட்டரில் நிற்கிறார். இரண்டாமவருக்கு 58 மீட்டர் தேவை. வேகம் இரண்டு மடங்கு ஆனபோது பிரேக் தூரம் நான்கு மடங்கு ஆகிவிட்டது. மாடு 30 மீட்டரில் நின்றிருந்தால் ஒருவர் வீடு திரும்புவார். மற்றவர் நிலை என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மகனிடம் "மெதுவாகப் போ" என்று நூறு முறை சொல்வதைவிட, இந்தக் கணக்கை அவனையே போடச் சொல்வது மேல்.

நான்காவது: சூத்திரம், எண், சரிபார்ப்பு

இப்போதுதான் சூத்திரத்தின் முறை. இதில் இரண்டு பழக்கங்கள் போதும். ஒன்று, எண்களை முதலிலேயே நுழைக்காமல் கடைசியில் நுழைப்பது. மேலே உள்ள கணக்கில் பைக்கின் நிறை 150 கிலோ என்று தொடக்கத்திலேயே போட்டிருந்தால், அது தேவையே இல்லை என்பது தெரியாமல் போயிருக்கும். மற்றொன்று, எல்லா எண்களையும் ஒரே அலகு முறைக்கு மாற்றுவது. மணிக்குக் கிலோமீட்டரை 3.6ஆல் வகுத்தால் நொடிக்கு மீட்டர்.

விடை வந்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது. "இது நடக்கக் கூடியதா?" என்று கேட்க வேண்டும். 59 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. கடக்கும் தூரம் என்பது ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி பெருக்கல் நேரத்தின் வர்க்கம். 59ஐ 4.9ஆல் வகுத்தால் 12 வருகிறது. அவசரக்காரப் பிள்ளை "12 நொடி" என்று எழுதிவிடும். 12 நொடி விழுந்தால் கல்லின் வேகம் மணிக்கு 420 கிலோமீட்டரைத் தாண்டும். கோபுர உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு அது சாத்தியமா? சந்தேகம் வந்தவர் திரும்பிப் பார்ப்பார். 12 என்பது நேரத்தின் வர்க்கம். அதன் வர்க்கமூலம் சுமார் 3.5 நொடி. அதுதான் விடை. தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 34 மீட்டர், மணிக்குச் சுமார் 122 கிலோமீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காதபோது வரும் எண் இது.

பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளில் இந்தப் பழக்கத்துக்கு மதிப்பு அதிகம். கொடுக்கப்படும் தவறான விடைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அவசரப் பிழைகளுக்குப் பொருந்தும்படியே இருக்கும். உங்கள் விடை பட்டியலில் இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"எனக்கே பிசிக்ஸ் தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று கேட்கும் உம்மாக்களும் வாப்பாக்களும் கவனிக்க வேண்டும். சொல்லித் தர வேண்டாம். கேட்டால் போதும். பிள்ளை கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான்கு கேள்விகள்:

1. கதையைச் சொல்லு, இதில் என்ன நடக்கிறது?
2. படம் எங்கே?
3. இது எந்த விதி, ஏன்?
4. வந்த விடை நம்பும்படி இருக்கிறதா?

பதில் சரியா தவறா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும்படி விளக்க முயலும்போதே பிள்ளைக்குத் தன் தவறு தெரிந்துவிடும். மூத்த அக்காவோ சாச்சாவோ இந்த வேலையைச் செய்யலாம். ஒரே தெருவில் உள்ள மூன்று நான்கு பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் கூடி, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

ஒரு நாளைக்கு நாற்பது கணக்குகளை விடைப் புத்தகம் பார்த்து எழுதுவதைவிட, ஐந்து கணக்குகளை இந்த நான்கு கேள்விகளோடு போடுவது அதிகப் பலன் தரும். விடை பார்க்க நேர்ந்தால் அதில் குற்றம் இல்லை. ஆனால் பார்த்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் அதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். தவறிய கணக்குகளுக்கு ஒரு தனி நோட்டு வைத்து, "சொல்லைத் தவறாகப் படித்தேன்", "படம் போடவில்லை", "அலகை மாற்றவில்லை" என்று காரணத்தை எழுதினால், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதைத் திருத்தினால் மதிப்பெண் தானாக ஏறும்.

பணம் ஒரு தடை என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு மாநிலப் பாடநூல்களும் என்சிஇஆர்டி நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஐடி கான்பூர் நடத்தும் 'சாத்தி' என்ற தளத்தில் நீட், ஜேஇஇ பயிற்சிகள் கட்டணமின்றி உள்ளன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் சாய்தளம், ஊசல், மின்சுற்று போன்றவற்றைத் திரையில் இயக்கிப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதலாகப் பயில விரும்புவோருக்கு ஹெச்.சி. வர்மா எழுதிய இயற்பியல் நூலின் இரண்டு தொகுதிகள் பல்லாண்டுகளாக நம்பகமான துணை. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் ஒரு வார காலம் இதை முயன்று பாருங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நூல்களின் இயக்கம், விசை பாடங்களிலிருந்து நாளுக்கு ஐந்து கணக்குகள், நான்கு கேள்விகளோடு. அதன் பிறகும் பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றால், விரும்பிய பிரிவை மனநிறைவோடு எடுக்கட்டும். ஆனால் "எனக்கு வராது" என்ற முடிவை, சரியான இடத்திலிருந்து ஒரு முறையாவது தொடங்கிப் பார்த்த பிறகு எடுக்கட்டும்.